சோடியம் ஏன் எலக்ட்ரானை விடுகிறது? அயனிப் பிணைப்பைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ள

பிளஸ் ஒன் வகுப்பில் "அயனிப் பிணைப்பு எப்படி உருவாகிறது?" என்று கேட்டால் எல்லா பெஞ்சிலிருந்தும் ஒரே விடைதான் வரும். "சோடியம் ஒரு எலக்ட்ரானை இழந்து மந்த வாயு அமைப்பைப் பெறுகிறது. குளோரின் அதை ஏற்று மந்த வாயு அமைப்பைப் பெறுகிறது. எதிரெதிர் மின்சுமைகள் ஈர்ப்பதால் சோடியம் குளோரைடு உருவாகிறது." பத்தாம் வகுப்புத் தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் உண்டு. ஆனால் அடுத்த கேள்வியைத் தாங்காது. மந்த வாயு அமைப்பு, அதாவது நிறைந்த வெளிக்கூடு, சோடியத்துக்கு அவ்வளவு வேண்டியது என்றால், தனியாக இருக்கும் ஒரு சோடியம் அணு ஏன் தானாகவே அந்த எலக்ட்ரானைக் கழற்றிவிடுவதில்லை?

கழற்றாது. ஒரு மோல் (அணுக்களை எண்ண வேதியியலில் பயன்படும் அளவு, சோடியத்தில் ஏறக்குறைய 23 கிராம்) சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கு ஒரு எலக்ட்ரானைப் பிரிக்க 496 கிலோஜூல் கொடுக்க வேண்டும். சோடியம் எலக்ட்ரானைத் "தானம்" செய்வதில்லை, அதனிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால் அயனிப் பிணைப்பு புரிந்துவிட்டது என்று அர்த்தம். தூத்துக்குடியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் நான் இந்தப் பாடத்தை எப்போதும் வரவு செலவுக் கணக்காகவே எழுதவைக்கிறேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு நோட்டு, தனிம வரிசை அட்டவணை, கொஞ்சம் கல்லுப்பு இருந்தால் போதும்.

முதலில் மின்சுமையைக் கண்டுபிடிக்க வேண்டும். இது எளிது, அதனால் வேகமாகப் போகலாம். வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களை எண்ணுங்கள். சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அமைந்திருக்கின்றன, அதனால் சோடியம் அயனிக்கு +1. மக்னீசியம் 2, 8, 2, அயனிக்கு +2. அலுமினியம் 2, 8, 3, அயனிக்கு +3. அலோகங்களில் எட்டுக்கு எத்தனை குறைகிறது என்று பாருங்கள். குளோரின் 2, 8, 7. ஒன்று குறைகிறது, எனவே −1. ஆக்சிஜன் 2, 6. இரண்டு குறைகிறது, எனவே −2. நைட்ரஜனுக்கு −3. பிறகு மொத்த மின்சுமை பூஜ்ஜியம் ஆகும்படி எண்ணிக்கையைப் பொருத்துங்கள். ஒரு மக்னீசியத்துக்கு இரண்டு குளோரின். இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஆக்சிஜன். ஆறு நேர்மின்சுமைக்கு ஆறு எதிர்மின்சுமை சரியாகிவிடும்.

வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் புள்ளிப் படம் வரையும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். எலக்ட்ரான் மாறிய பிறகு சோடியத்தைச் சுற்றிப் புள்ளியே இருக்கக் கூடாது, குளோரினைச் சுற்றி எட்டு இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனி அடைப்புக்குறிக்குள் போட்டு, மேலே மின்சுமையை எழுதுங்கள். நடுவில் கோடு போடாதீர்கள். கோடு என்றால் பகிர்ந்துகொண்ட இரண்டு எலக்ட்ரான்கள், அது சகப்பிணைப்பு.

வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் வந்தால் அணு நிலைபெறும் என்ற எட்டு எலக்ட்ரான் விதி இந்த இடத்தில் நன்றாகக் கைகொடுக்கிறது. முடிவு எங்கே நிற்கும் என்று காட்டும், ஆனால் ஏன் நடக்கிறது என்பதற்கு அது காரணமல்ல. இரும்பைப் பாருங்கள். இரும்பு +3 அயனியின் வெளிக்கூட்டில் 13 எலக்ட்ரான்கள் இருக்கின்றன, எந்த மந்த வாயுவின் அமைப்பும் அதற்குக் கிடையாது. ஆனாலும் இரும்பு ஆக்சைடு மலை மலையாகப் பூமியில் கிடக்கிறது. எட்டு என்பதே காரணம் என்று மனதில் பதித்துக்கொண்டவர்கள் இரும்பு போன்ற இடைநிலைத் தனிமங்கள் வந்ததும் திணறுவது இதனால்தான்.

இனி கணக்கு. நோட்டில் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு, கொடுக்கும் ஆற்றலுக்குக் கூட்டல் குறி, கிடைக்கும் ஆற்றலுக்குக் கழித்தல் குறி போடுங்கள். எல்லா எண்களும் ஒரு மோலுக்குக் கிலோஜூலில்.

நம்மிடம் இருப்பது வெள்ளி போல் மின்னும் திடச் சோடியமும் மஞ்சள் கலந்த பச்சை நிறக் குளோரின் வாயுவும். சோடியம் திடமாக இருக்கும்வரை தனி அணு கிடையாது. முதலில் அதை ஆவி அணுக்களாக்க வேண்டும், அதற்கு +108. அந்த அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க +496. குளோரின் இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டு மூலக்கூறாக இருக்கிறது. ஒரு மோல் மூலக்கூறுகளை உடைக்க 242 வேண்டும்; நமக்கு ஒரு மோல் அணுக்கள் போதும் என்பதால் பாதி, +121. இதுவரை செலவு 725.

முதல் வரவு குளோரினிடமிருந்து வருகிறது. குளோரின் அணு எலக்ட்ரானை ஏற்கும்போது 349 வெளிவிடும், அதாவது −349. எல்லாத் தனிமங்களிலும் இதுதான் மிகப் பெரிய எலக்ட்ரான் நாட்டம், ஃபுளூரினைக்கூட மிஞ்சியது. ஆனால் அதைக் கழித்தபின்னும் 376 கடன் நிற்கிறது!

வகுப்பில் இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுவேன். சோடியம் எட்டு பெற்றாயிற்று, குளோரினும் எட்டு பெற்றாயிற்று, இரண்டுக்கும் மந்த வாயு அமைப்பு வந்துவிட்டது. ஆனாலும் கணக்கு நஷ்டத்தில் இருக்கிறது. புத்தகத்தில் படித்த காரணம் மட்டும் போதும் என்றால் இந்தப் பிணைப்பு உருவாகியே இருக்கக் கூடாது.

கடனை அடைப்பது படிகக்கூடு. வாயுநிலையில் பிரிந்து நிற்கும் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் ஒன்றுசேர்ந்து திண்மப் படிகமாக அடுக்கும்போது −787 கிடைக்கிறது. 376இலிருந்து 787ஐக் கழியுங்கள்: −411. சோதனையில் அளந்த சோடியம் குளோரைடின் உருவாதல் என்தால்பியும், அதாவது தனிமங்களிலிருந்து அது உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றமும், அதேதான். 1919இல் மாக்ஸ் பார்ன், ஃபிரிட்ஸ் ஹேபர் இருவர் பெயரிலும் நிலைத்துவிட்ட பார்ன்–ஹேபர் சுழற்சி என்பது இந்தக் கணக்குதான். பாடப்புத்தகத்தில் அம்புக்குறிகள் சுற்றிச் சுற்றிப் போகும் படத்தைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். மேலே நாம் எழுதிய ஐந்து வரிகளும்தான் அந்தப் படத்தில் இருக்கின்றன.

787 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் மேலே போகக் கூடாது. இதற்கு மின்சுமைகளுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலூம் விதி போதும். +1 மின்சுமையும் −1 மின்சுமையும் நெருங்கும்போது ஒரு மோலுக்கு எத்தனை கிலோஜூல் கிடைக்கும் என்பதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: 1,38,900ஐ இடைவெளியால் வகுங்கள், இடைவெளி பிக்கோமீட்டரில் இருக்க வேண்டும். ஒரு பிக்கோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

தனிச் சோடியம் அணுவும் தனிக் குளோரின் அணுவும் வெகுதூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எலக்ட்ரான் மாற 496 செலவு, 349 வரவு, நிகரக் கடன் 147. இந்த 147ஐ ஈர்ப்பு எந்தத் தூரத்தில் அடைக்கும்? 1,38,900ஐ 147ஆல் வகுத்தால் ஏறக்குறைய 945 பிக்கோமீட்டர். அதற்கு வெளியே இருக்கும்வரை சோடியம் தன் எலக்ட்ரானை விடாது, குளோரின் "எட்டுக்கு ஒன்று குறைவாக" நின்றாலும் சரி. அதற்குள் வந்துவிட்டால் எலக்ட்ரான் மாறுவது லாபம். எலக்ட்ரான் மாறுவதும் அயனிகள் ஈர்ப்பதும் அடுத்தடுத்து நடக்கும் இரண்டு காட்சிகள் என்று நாம் எழுதினாலும், ஈர்ப்பு கிடைக்கும் தூரத்துக்கு வந்தால்தான் மாற்றமே நடக்கிறது. இந்த ஒரு வகுத்தலை நோட்டில் போட்டுப் பார்த்த மாணவர்கள் பிறகு "சோடியம் எட்டுக்கு ஆசைப்படுகிறது" என்று எழுதி நான் பார்த்ததில்லை.

இனி படிகத்துக்கு வருவோம். உப்புப் படிகத்தில் சோடியத்துக்கும் பக்கத்துக் குளோரைடுக்கும் இடைவெளி 282 பிக்கோமீட்டர். ஒரு ஜோடிக்கு வகுத்துப் பார்த்தால் 493தான் வருகிறது, 787க்குப் பற்றாது. ஆனால் படிகத்தில் ஜோடி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு சோடியத்தையும் மேல், கீழ், முன், பின், இடம், வலம் என்று ஆறு குளோரைடுகள் 282இல் சூழ்ந்திருக்கின்றன. அடுத்து 399இல் 12 சோடியங்கள் இருந்து தள்ளுகின்றன. அதற்கடுத்து 488இல் எட்டுக் குளோரைடுகள் இழுக்கின்றன. இப்படி இழுப்பும் தள்ளலும் மாறி மாறிப் போகும் தொடரை முழுதாகக் கூட்டினால் ஒற்றை ஜோடியைப் போல 1.748 மடங்கு கிடைக்கும். இதற்கு மேடலங் மாறிலி என்று பெயர். 493ஐ 1.748ஆல் பெருக்கினால் 861 வருகிறது. மிக நெருக்கத்தில் எலக்ட்ரான் முகில்கள் ஒன்றையொன்று தள்ளுவதற்கான கழிவு போக 787 நிற்கிறது.

அதனால்தான் உப்பில் "சோடியம் குளோரைடு மூலக்கூறு" என்று ஒன்றைத் தேடக் கூடாது. 1913இல் இயற்பியலாளர்களான பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்பின் அமைப்பைக் காட்டினார்கள். எந்தச் சோடியமும் எந்த ஒரு குளோரினுக்கும் தனியாகச் சொந்தமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இதை ஏற்கப் பலருக்கு மனம் வரவில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் 1927இல்கூட நேச்சர் இதழில் கடுமையாக எதிர்த்து எழுதினார். பெரிய மேதைகளுக்கே இவ்வளவு கஷ்டமாக இருந்த விஷயம் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரே பீரியடில் புரியவில்லை என்றால் யாரும் திட்ட வேண்டியதில்லை.

இந்த அடுக்கைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. கடையில் கல்லுப்பு வாங்கி, அதில் பெரியதாக, முகம் தட்டையாக இருக்கும் ஒரு கல்லைப் பொறுக்கி எடுங்கள். எங்கள் ஊர் உப்பில் விரல்நகம் அளவுக் கற்கள் சாதாரணமாகவே கிடைக்கும். உருப்பெருக்கி வழியே பார்த்தால் மூலைகள் செங்கோணமாக இருப்பது தெரியும். சில கற்களில் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் படிக்கட்டு போல் குழிவாக இறங்கியிருக்கும், ஓரங்கள் வேகமாக வளர்ந்ததன் அடையாளம் அது. இப்போது மூக்குக்கண்ணாடி ஏதாவது போட்டுக்கொண்டு, கத்தி முனையை ஒரு முகத்துக்கு இணையாக வைத்து மேலே லேசாகத் தட்டுங்கள். கல் வழவழப்பான தட்டை முகத்தோடு இரண்டாகப் பிளக்கும். கத்தியைச் சாய்வாக வைத்தால் நொறுங்கித் தூளாகும். ஓர் அடுக்கு ஓர் அயனி அளவு நகர்ந்தாலே சோடியத்துக்கு நேரே சோடியமும் குளோரைடுக்கு நேரே குளோரைடும் வந்துவிடும். ஈர்த்துக்கொண்டிருந்த அதே விசை அந்தக் கணத்தில் தள்ளுகிறது. செம்புக் கம்பி வளைகிறது, உப்பு உடைகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சோதனை. 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் மின்தடை, சிவப்பு எல்இடி, இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்கள். இவற்றை வரிசையாக இணைத்துப் பென்சில் முனைகளைக் காய்ந்த கல்லுப்பில் வையுங்கள், எரியாது. பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரில் வையுங்கள், எரியாது. அந்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்குங்கள், எல்இடி எரியும். அயனிகள் திண்மத்திலும் இருந்தன, நகரத்தான் முடியவில்லை. குழாய்த் தண்ணீரை எடுத்தால் உப்பு போடும் முன்பே மங்கலாக எரிந்து குழப்பும், அதனால் வேண்டாம். சில விநாடிகளில் முடித்துவிடுங்கள், முனைகளில் கொஞ்சம் குளோரின் வெளிவரலாம். வீட்டு மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் இதற்குத் தொடாதீர்கள். சோடியத்தையும் குளோரினையும் நேரடியாகச் சேர்ப்பதைக் காணொளியில் பார்த்தால் போதும்.

கணக்குக்குத் திரும்புவோம். ஒரு எலக்ட்ரானை விட்ட சோடியம் இரண்டாவதையும் விட்டால் என்ன? +2 மின்சுமைக்குப் படிகக்கூடு ஆற்றல் இன்னும் அதிகம் கிடைக்குமே! நல்ல கேள்வி, போட்டுப் பார்த்துவிடலாம். அப்படி ஒரு சேர்மம் இல்லாததால் பக்கத்து வீட்டுக்காரரான மக்னீசியம் குளோரைடின் படிகக்கூடு ஆற்றலைக் கடன் வாங்குவோம்: −2526. செலவுப் பக்கம் 108, 496, இரண்டாம் எலக்ட்ரானுக்கு 4562, இரண்டு குளோரின் அணுக்களுக்கு 242. வரவு இரண்டு குளோரினிடமிருந்து −698, படிகக்கூடு −2526. மொத்தம் +2184. உருவாகவே உருவாகாது. அந்த 4562தான் வில்லன். இரண்டாவது எலக்ட்ரான் உள்கூட்டிலிருந்து வர வேண்டும், அது அணுக்கருவுக்கு அருகில் இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது.

இதே கணக்கை மக்னீசியத்துக்குப் போடுங்கள். ஆவியாக்க 148, முதல் எலக்ட்ரானுக்கு 738, இரண்டாவதுக்கு 1451, குளோரினுக்கு 242, பிறகு −698, −2526. விடை −645. அளந்த மதிப்பு −641; அட்டவணைக்கு அட்டவணை நாலைந்து எண் மாறும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்றாவது எலக்ட்ரானையும் எடுக்கப் பார்த்தால் 7733 கேட்கிறது. ஆக, சோடியம் +1இலும் மக்னீசியம் +2இலும் நிற்பதற்குக் காரணம், அடுத்த எலக்ட்ரானின் விலையைப் படிகக்கூட்டால் கொடுக்க முடியாது என்பதே. எட்டு எலக்ட்ரான் விதி வேலை செய்வதன் பின்னணி இதுதான். விலை எகிறும் இடமும் கூடு நிறைந்திருக்கும் இடமும் ஒன்றாக இருக்கின்றன.

ஆக்சைடு இன்னும் சுவாரசியம். ஆக்சிஜன் முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 வெளிவிடும். இரண்டாவதை ஏற்கும்போது வெளிவிடாது, ஏற்கெனவே எதிர்மின்சுமை உள்ள அயனிக்குள் இன்னொரு எலக்ட்ரானைத் திணிக்க 700க்கும் மேல் கொடுக்க வேண்டும். தனியாக விட்டால் −2 ஆக்சைடு அயனி வாயுநிலையில் நிலைக்காது. அதைத் தாங்கிப் பிடிப்பது படிகம் மட்டுமே. மக்னீசியம் ஆக்சைடின் படிகக்கூடு ஆற்றல் ஏறக்குறைய 3800, உப்பைப் போல் ஐந்து மடங்குக்குப் பக்கம். மின்சுமைகளின் பெருக்கல் நான்கு மடங்காகிறது, இடைவெளியும் 282இலிருந்து 210ஆகச் சுருங்குகிறது. உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அதே அடுக்கமைப்பு கொண்ட மக்னீசியம் ஆக்சைடு உருக 2800 டிகிரிக்கும் மேல் வேண்டும். உலைகளின் உட்புறச் செங்கல்லுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

787 கிலோஜூல் கட்டியிருக்கும் உப்பை வெறும் தண்ணீர் எப்படிக் கரைக்கிறது என்ற சந்தேகமும் வரும். அதற்கும் கணக்கு உண்டு. தண்ணீர் மூலக்கூறுகள் சோடியம் அயனியைச் சூழும்போது 406, குளோரைடைச் சூழும்போது 378, மொத்தம் 784 கிடைக்கிறது. குறைவது மூன்று நான்கு கிலோஜூல்தான். அதைத் தண்ணீரின் வெப்பத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், அயனிகள் கலைந்து பரவும் போக்கும் கரைதலுக்குத் துணை நிற்கிறது. நிறைய உப்பைக் கரைத்தால் தண்ணீர் லேசாகக் குளிர்வது அதனால்தான். உப்பளப் பாத்தியில் நடப்பது இதற்கு நேர் எதிர். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகப் போக அயனிகள் மறுபடி படிகத்துக்குத் திரும்புகின்றன. ஜிப்சம் முன்னதாகப் படியும், பிறகு உப்பு. மக்னீசியம் குளோரைடு கடைசிவரை கரைசலிலேயே நிற்கும். சிறிய உருவம், இரட்டை மின்சுமை கொண்ட மக்னீசியம் அயனி தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. எஞ்சும் கசப்பு நீரை வடிக்காமல் எடுத்த உப்பு ஐப்பசி மழையில் ஜாடியிலேயே நீர்த்துப்போவதும் அந்த மக்னீசியத்தால்தான்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு" என்பதும், "எலக்ட்ரான் கவர்திறன் (பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் வலிமை) வேறுபாடு 1.7க்கு மேல் என்றால் அயனிப் பிணைப்பு" என்பதும் தொடக்க ஊகத்துக்கு உதவும், தீர்ப்புக்கு உதவாது. ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வேறுபாடு 1.78, ஆனாலும் அது சகப்பிணைப்பு. சோடியம் ஹைட்ரைடில் 1.27தான், ஆனாலும் அது அயனிச் சேர்மம். அலுமினியத்தை எடுங்கள்: அலுமினியம் ஃபுளூரைடு ஆயிரம் டிகிரியைத் தாண்டியும் திண்மமாகவே இருக்கும், அலுமினியம் குளோரைடு 180 டிகிரி வாக்கிலேயே பதங்கமாகிவிடும். உலோகம் ஒன்றே, பிணைப்பு வேறு. சிறிய, மூன்று மின்சுமை கொண்ட அலுமினியம் அயனி, பெரிய குளோரைடின் எலக்ட்ரான் முகிலைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது; அங்கே மாற்றம் பகிர்வாகிவிடுகிறது. 1923இல் ஃபஜான்ஸ் என்ற வேதியியலாளர் சொன்ன விதி இதைப் பற்றியதே: நேர்மின் அயனி சிறிதாகவும், எதிர்மின் அயனி பெரிதாகவும், மின்சுமை அதிகமாகவும் இருந்தால் சகப்பிணைப்புத் தன்மை கூடும். சந்தேகம் வந்தால் உருகுநிலையையும், உருகியபின் மின்சாரம் கடத்துகிறதா என்பதையும் பாருங்கள்.

நோட்டை மூடும் முன் பொட்டாசியம் குளோரைடுக்கு நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். பொட்டாசியத்தை ஆவியாக்க 89, எலக்ட்ரானை எடுக்க 419, படிகக்கூடு −717. குளோரின் எண்கள் மேலே இருக்கின்றன. −437 வந்தால் சரி. −316 வந்தால் குளோரினைப் பாதியாக்காமல் 242ஐ முழுதாகப் போட்டிருக்கிறீர்கள்.